பேசாத அப்பாவைப் பற்றி நினைவு மலரில் என்ன எழுதுவது?

கேள்வி: பொருநை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா கடந்த மாசி மாதம் தமது 74ஆம் வயதில் காலமானார். வரும் மாசியில் முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்றைக்கு வருகிற உறவினர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கொடுப்பதற்காகப் பதினாறு பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சிடலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். மூத்தவள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். "எளிமையானவர், கடும் உழைப்பாளி, குடும்பத்தின்மேல் உயிரையே வைத்திருந்தவர்" என்பதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. இந்தச் சொற்களில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் படத்தை மாற்றிவிட்டால் எங்கள் தெருவிலுள்ள எந்தப் பெரியவருக்கும் அவை பொருந்திவிடும்.

அப்பா விக்கிரமசிங்கபுரத்து நூற்பாலையில் 1973 முதல் 2009 வரை பிட்டராக, அதாவது இயந்திரங்களைப் பழுது பார்ப்பவராக, வேலை பார்த்தவர். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற மற்ற வீட்டு அப்பாக்கள் காலையில் உறங்குவார்கள்; என் அப்பா முகத்தைக் கழுவி, நீராகாரத்தைக் குடித்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஆற்றுக்கோ மலையடிவாரத்துக்கோ போய்விடுவார். பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறை, காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி என்று அவர் கால் படாத இடம் இல்லை. வீட்டில் இருக்கிற நேரத்தில் அவர் கையில் ஏதாவது ஒரு கருவி இருக்கும். அம்மாவின் தையல் இயந்திரம், பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டார், பள்ளிக்கூடத்து மணி, யாரோ ஒரு பையனின் சைக்கிள் என்று எதையாவது பிரித்துப் பரப்பி வைத்திருப்பார். பேச்சு மட்டும் கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதுவே அதிகம்.

அவர் எழுதி வைத்தது என்று எங்களுக்குக் கிடைத்தவை பன்னிரண்டு நோட்டுகள். 1992 டிசம்பரில் தொடங்குகின்றன. ஆசையோடு திறந்தால் ஒரு வாக்கியம்கூட இல்லை. "பா 97, ம 71, சே 110" என்பதுபோல வரிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பிற்கால நோட்டுகளில் தை மாதப் பக்கங்களில் "மு.கு 14, நீ.கா 62, பா.தா 3" என்று வேறு வகைக் குறிப்புகள் வருகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆடியில் ஒரே ஒரு நாளில் "செ 1" என்று தனியாக எழுதியிருக்கிறார். இவை என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களில் உங்கள் யோசனை வேண்டும். அப்பாவின் கருவிப் பெட்டியைத் தம்பி பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்கிறான். எனக்கு மனம் வரவில்லை, ஆனால் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மற்றொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வோர் ஆடியிலும் அப்பா நாலைந்து நாட்கள் வீட்டிலேயே இருக்க மாட்டார். என் பிறந்த நாள் அந்த மாதத்தில்தான் வரும். சிறுமியாக இருந்தபோது அதற்காக நான் அழுதிருக்கிறேன். பெரியவளான பிறகும் அந்த வருத்தம் முழுதாகப் போகவில்லை. இப்படிப்பட்டதையெல்லாம் நினைவு மலரில் எழுதலாமா? இளமையில் அவர் கண்ணி வைத்துக் கௌதாரி பிடித்தவர் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

பதில்: பழைய ஷிஃப்டுக்காரர்

அம்மா, உங்கள் தகப்பனார் காலமான செய்திக்கு என் ஆழ்ந்த இரங்கல். நான் அதே வட்டாரத்தில் ஆலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் நோட்டிலுள்ள முதல் வகைக் குறிப்பு எனக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. அவை அணை மட்டங்கள். "பா" பாபநாசம், "ம" மணிமுத்தாறு, "சே" சேர்வலாறு. பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118, சேர்வலாறு 156. இந்த மட்டங்கள் நாள்தோறும் நாளிதழில் வரும். எங்கள் பக்கத்தில் விவசாயிகள் தலைப்புச் செய்தியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா, அடுத்து வரும் பிசானப் பருவ நெல்லுக்குக் கடைசி வரைக்கும் தாங்குமா என்பதெல்லாம் அந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் தகப்பனார் வயல்காரர் அல்லர், ஆலைக்காரர். அவர் ஏன் எழுதினார் என்பதற்கு அந்த நோட்டுகள் தொடங்குகிற மாதமே விடை சொல்லுகிறது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை எங்கள் வயதுக்காரர்கள் மறக்க முடியாது. மலையில் பெய்த பெருமழையில் அணையிலிருந்து தண்ணீர் ஒரே இரவில் இறங்கியது. ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் உயிர்கள் போயின. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து ஒருவர் நாள் தவறாமல் அணை மட்டத்தை எழுதி வந்திருக்கிறார் என்றால், இனி ஒரு முறை தெரியாமல் இருந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். உங்கள் வீடு ஆற்றுக்கு எவ்வளவு பக்கம், மழை நாட்களில் அவர் உங்களைப் படித்துறைக்குப் போகவிட்டாரா என்று யோசித்துப் பாருங்கள்.

பிட்டர் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் மலரில் "ஆலையில் பணியாற்றினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நூல் நூற்கிற ரிங் பிரேம் இயந்திரத்தில் ஸ்பிண்டில் என்கிற கதிர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். ஒரு பிரேமில் அப்படி நூற்றுக்கணக்கில் ஓடும். கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள் எந்தப் பேரிங் கெடப்போகிறது என்று கண்டுபிடிக்க, நல்ல பிட்டர் ஸ்குரூடிரைவரின் நுனியைப் பேரிங்கின் வெளிக்கூட்டின்மேல் ஊன்றி, மரப் பிடியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். சத்தம் வழவழவென்று வந்தால் ஓடலாம், நறநறவென்று வந்தால் அன்றைக்கே கழற்ற வேண்டும். இப்படி முப்பத்தாறு ஆண்டுகள் கேட்டுப் பழகியவர் வீட்டில் பேசாமல் இருந்தது எனக்கு வியப்பாக இல்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த பிறகும் எங்களுக்குக் காதுக்குள் இரண்டு மணி நேரம் பிரேம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரையில் மருத மரத்தடியில் போய் உட்கார்ந்தால்தான் அது அடங்கும். நானும் அப்படிப் போய் உட்கார்ந்தவன்தான்.

பதில்: சித்தாற்றங்கரை

சகோதரி, என் அப்பா தென்காசிப் பக்கத்தில் தச்சு வேலையும் மோட்டார் வேலையும் பார்த்தவர். அவருக்கு மலர் போட்டபோது உங்களைப் போலவே நானும் பெயரடைகளில் மாட்டிக்கொண்டேன். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, அவரை அறிந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காமல், "உங்கள் வீட்டில் அவர் கடைசியாக எதைச் சரிசெய்தார், எப்படிச் செய்தார்?" என்று மட்டும் கேட்டேன். முதல் கேள்விக்கு எல்லோரும் "தங்கமான மனுஷர்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு எழுந்து உள்ளே போய்ப் பொருளை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு வீட்டில் உத்தரத்திலிருந்த தொட்டில் கொக்கியைக் காட்டினார்கள். அந்த வீட்டு அம்மா பிரசவத்துக்குப் போயிருந்தபோது, யாரும் கேட்காமலே அப்பா வந்து பழைய கொக்கியைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டு, அதில் தாமே தொங்கிப் பார்த்துவிட்டுப் போனாராம். இன்னொரு வீட்டில் கிணற்று மோட்டாருக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்த கதையைச் சொன்னார்கள். கடைக்காரர் மோட்டாரையே மாற்றச் சொன்னாராம். அப்பா உறிஞ்சு குழாயை மேலே இழுத்து, அடியிலிருந்த புட் வால்வின் தோல் நைந்துபோய்த் தண்ணீரைத் தாங்காமல் விடுவதைக் காட்டி, லாரி டியூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டிருக்கிறார். அதோடு அந்த வீட்டுப் பையனை உட்கார வைத்து, மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தைத்தான் குறைக்கிறது, வெளிக்காற்று கிணற்றுத் தண்ணீரை அமுக்கி மேலே ஏற்றுகிறது, அதனால்தான் மேலே நிற்கிற மோட்டாரால் இருபத்தைந்து அடிக்குமேல் உறிஞ்ச முடிவதில்லை என்று விளக்கியிருக்கிறார். அந்தப் பையன் இப்போது பொறியாளர். எங்கள் வீட்டில் அப்பா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உங்கள் அப்பாவும் வேறு எங்கேயாவது பேசியிருப்பார், போய்க் கேளுங்கள்.

கருவிப் பெட்டியைத் தயவுசெய்து இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். முதலில் அது இப்போது இருக்கிற நிலையிலேயே, எதையும் நகர்த்தாமல், தட்டுத் தட்டாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவை அவர் கடைசியாகப் பயன்படுத்தியவை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பிடியைப் பாருங்கள். என் அப்பாவின் உளிப் பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அந்தப் படத்தைத்தான் மலரின் அட்டையில் போட்டேன். கருவிகளில் சிலவற்றை அவரிடம் தொழில் கற்ற பையன்களுக்குக் கொடுத்தேன், ரசமட்டத்தையும் மூலைமட்டத்தையும் நான் வைத்துக்கொண்டேன்.

பதில்: நாமக்கோழி

இரண்டாவது வகைக் குறிப்பை நான் சொல்கிறேன். "மு.கு" முக்குளிப்பான், "நீ.கா" நீர்க்காகம், "பா.தா" பாம்புத்தாரா. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டித் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். உங்கள் அப்பாவின் தைக் குறிப்புகள் அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அந்தக் கணக்கெடுப்பில் நானும் சில ஆண்டுகள் கலந்துகொண்டிருக்கிறேன். விடியற்காலையில் குளத்துக் கரையில் ஓசைப்படாமல் நின்று, கூட்டம் கலைந்து பறப்பதற்குள் எண்ணி முடிக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் தொலைநோக்கியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே வெறும் கண்ணால் பார்த்து, பாம்புத்தாரா மூன்று என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தார்கள். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே பாம்புபோல நீண்டு தெரியும், உடனே மூழ்கிவிடும். பழகாத கண்ணுக்கு அது சிக்காது.

கௌதாரி பிடித்ததை மறைக்காமல் எழுதுங்கள் என்பது என் கருத்து. அன்றைக்கு மலையடிவார ஊர்களில் பையன்கள் கண்ணி வைப்பது சாதாரணமாக நடந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972இல்தான். முண்டந்துறை 1962இலேயே புலிகளுக்கான சரணாலயம் ஆகியிருந்தது, 1988இல் களக்காட்டையும் அதோடு சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். உங்கள் அப்பா கண்ணி முடிந்த அதே கையால் பிற்காலத்தில் முக்குளிப்பானை எண்ணி எழுதியிருக்கிறார். முதலாவதை நீக்கிவிட்டால் இரண்டாவதின் அருமை யாருக்கும் தெரியாமல் போய்விடும். அவர் எந்த ஆண்டில் கண்ணியை விட்டார், எதனால் விட்டார் என்பது வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், மலரில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கலாம்.

"செ 1" என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. செங்கால் நாரையாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது பனிக்காலத்தில் வருகிற பறவை, ஆடியில் வராது. ஆடி அமாவாசையையொட்டிய நாளா என்று பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயில் திருவிழா அன்றைக்குத்தான். மக்கள் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குவார்கள்.

பதில்: பேரன் தலைமுறை

எல்லோரும் நிகழ்ச்சிகளை எழுதச் சொல்கிறீர்கள். நான் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். என் தாத்தாவின் நினைவு மலரில் அருமையான கதைகள் இருக்கின்றன, ஆனால் அவர் எந்த ஊரில் பிறந்தார், அவருடைய அம்மா பெயர் என்ன, எந்த ஆண்டில் திருமணம் என்பவை இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசிப் பக்கத்தில் நாட்களையும் ஊர்களையும் உறவுகளையும் தெளிவாகப் போட்டுவிடுங்கள். மனவருத்தத்தை எழுதலாமா என்ற கேள்விக்கு, அதை முதலில் உங்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றுதான் சொல்லுவேன். அப்பா இல்லாத அந்த நாட்களில் வீட்டைத் தாங்கியவர் அம்மாதானே.

மறுமொழி: பொருநை மகள்

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்வந்தேன்.

அணை மட்டத்தைப் பற்றி ஐயா எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். 1992 வெள்ளத்தன்று அப்பா இரவு ஷிஃப்டில் இருந்தார் என்றும், விடிந்ததும் வந்து எங்கள் இரண்டு பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை என்றும் அம்மா சொன்னார். மழைக்காலத்தில் என்னையும் தம்பியையும் படித்துறைக்கு விடாமல் அவர் வாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி வைப்பார். காரணம் சொன்னதில்லை. எங்களுக்கு அது வெறும் கண்டிப்பாகத் தெரிந்தது.

சித்தாற்றங்கரைச் சகோதரி சொன்ன கேள்வியைப் பதினேழு வீடுகளில் கேட்டேன். அவற்றில் ஏரலில் உள்ள அத்தை வீட்டில் கேட்டது ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன அந்த வெள்ளத்தில் அத்தை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும், சாலை அறுந்து கிடந்த நிலையிலும், 72 வயதில் அப்பா கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தங்கையைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அங்கே பத்தொன்பது நாட்கள் தங்கி, அந்தத் தெருவில் மூழ்கிய மோட்டார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்து, இரவில் உள்ளே நூறு வாட் பல்பை எரியவிட்டுச் சாக்குப் போட்டு மூடிக் காய வைத்திருக்கிறார். காயில் என்கிற கம்பிச் சுருள் காய்ந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், மின்கசிவைச் சோதிக்கிற மெகர் கருவியை வைத்துப் பார்க்காமல் யாரையும் சுவிட்சைப் போடவிடவில்லை. அவசரப்பட்ட ஒருவரிடம், "ஈரம் உள்ளே இருக்கும் அண்ணாச்சி, இன்னும் ஒரு நாள் பொறுங்க, காயில் புகைந்துபோனா திரும்பக் கட்ட நாலாயிரம் ஆகும்" என்று சொன்னாராம். அத்தை அதை அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். மலரின் முதல் பக்கம் இதுதான்.

கண்ணியை அப்பா விட்டது நான் பிறந்த ஆண்டில் என்று அம்மா சொன்னார். காரணம் அம்மாவுக்கும் தெரியாது. அதை அப்படியே எழுதப்போகிறேன்.

"செ 1" பற்றி அம்மாவிடம் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆடி மாத வருத்தத்தையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செருப்பு" என்றார். சொரிமுத்தையனார் கோயிலில் உள்ள பட்டவராயர் என்கிற தெய்வத்துக்குச் செருப்புக் காணிக்கை போடுவார்கள். இரவில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பதும், மறு ஆண்டு போய்ப் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பதும் எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு இரண்டரை வயது வரைக்கும் நடை வரவில்லையாம். வைத்தியம் ஒரு பக்கம் நடக்க, அப்பா தாம் உள்ள நாள் வரைக்கும் ஆண்டுக்கு ஒரு ஜோடி தம் கையாலேயே தைத்துப் போடுவதாக நேர்ந்துகொண்டாராம். நான் நடந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. "உன்னிடம் சொன்னால் நீ உன் காலையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று சொல்லவிடவில்லை" என்று அம்மா சொன்னார்.

கருவிப் பெட்டியைச் சகோதரி சொன்னபடி நகர்த்தாமல் படம் எடுத்தோம். இரண்டாவது தட்டில் அரங்களுக்கு அடியில் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. தோலை வெட்டி, அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்த செருப்பு ஒரு ஜோடி. வார் மட்டும் கோக்கவில்லை. கடைசி நோட்டில் போன ஆடிப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். முழங்கால் வலியால் அந்த ஆண்டு அவர் மலைக்குப் போகவில்லை. "செ" என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருந்தார்.

தம்பி இப்போது பெட்டியை இரும்புக் கடைக்குப் போடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. வார் கோக்கிற ஊசி எந்தத் தட்டில் இருக்கிறது என்று நேற்று இரவு தேடிக்கொண்டிருந்தான். ஆடி அமாவாசைக்கு இன்னும் இருபத்திரண்டு நாட்கள் இருக்கின்றன.